தாழ்த்திய குரல்

பெற்ற மகன் தன்னோடு பேசுவதில்லை என்பதை எஸ்பென் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. நாலு வயதுப் பையன் அப்பனிடம் டூ விட்டுவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது?

சைக்கிளின் முன்பக்க மரப்பெட்டிக்குள் மால்டெ உட்கார்ந்திருந்தான். பின்னால் மிதித்துக்கொண்டிருந்த எஸ்பென், "இன்னைக்கு வெள்ளிக்கிழமைடா. மிட்டாய் வாங்கிட்டுப் போலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டென்மார்க்கில் வெள்ளிக்கிழமை மிட்டாய்க்காக வாரம் முழுக்க ஏங்காத பிள்ளை கிடையாது. அதையே வேண்டாம் என்கிற அளவுக்கு வைராக்கியம் என்றால், அந்தப் பிஞ்சு மனசு எவ்வளவு நொந்திருக்க வேண்டும்!

எல்லாம் பனிக்காலத்தில் ஒருநாள் எஸ்பெனின் வாய் செய்த வேலை. பாலர் பள்ளியில் பிள்ளைகள் பனியுடுப்பு மாட்டும் அறை. "உடுப்புக்குள்ள காலை விடு, காலை விடு" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியும் மால்டெ பராக்குப் பார்த்துக்கொண்டே நின்றான். எஸ்பெனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"காலை விடுடா!"

சுவர் அதிர்ந்தது. பையன் சட்டென்று காலை விட்டான். ஆனால் அறையிலிருந்த அத்தனை பெற்றோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை மெல்ல இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

ஆசிரியை பிர்கிட் அவனை ஓரமாகக் கூப்பிட்டாள். "இங்க நாங்க பிள்ளைங்ககிட்ட சத்தம் போடுறதில்ல எஸ்பென். வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அந்த ஊரில் ஒருவன் குடிக்கலாம், ரெண்டு தடவை விவாகரத்து வாங்கலாம். பிள்ளையிடம் நாலு பேர் பார்க்கக் கத்தினால் மட்டும் யார் முகத்திலும் முழிக்க முடியாது. எஸ்பெனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றோடு குரலைத் தாழ்த்திக்கொண்டான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டாலும் சரி, சைக்கிளில் போனாலும் சரி, பூப்போலத்தான் பேசினான். பேசப் பேசப் பையன் விலகிப் போனான்.

மனைவி சிக்னேயிடம் மட்டும் ஒட்டிக்கொண்டான். அவள் மடியில் உட்காரவைத்து, முகத்தோடு முகம் வைத்துக் கதை படிப்பாள். அவளிடம் வாய் ஓயாமல் பேசினான்.

"என் மேல இன்னும் ஆத்திரமாத்தான் இருக்கான்" என்றான் எஸ்பென் ஒருநாள்.

"போ, நாலு வயசுக்கு அவ்வளவு ஆத்திரமா? உங்கம்மா வழியா இருக்கும்" என்று சிரித்தாள் சிக்னே.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வசந்தம் பிறந்த சமயம் பிர்கிட் மறுபடி கூப்பிட்டாள். இன்னும் என்ன புகாரோ என்று கூனிக் குறுகிப் போய் நின்றான்.

"தோட்டத்துல நின்னு கூப்பிட்டா மால்டெ வரமாட்டேங்கிறான். டாக்டர்கிட்ட காதைக் காட்டினீங்களா?"

"காதா? இலையுதிர்காலத்துல சீழ் வெச்சுது. மருந்து குடுத்தோம், வலி போயிடுச்சு."

"மறுபடி கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பாங்களே?"

சொல்லத்தான் சொன்னார்கள். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, நல்லா இருக்கிற காதை எதற்குக் காட்ட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியுமாக விட்டுவிட்டார்கள்.

காது டாக்டரம்மா மால்டெயின் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தம் பார்த்தாள். திரையில் மேடு காட்ட வேண்டிய கோடு ரெண்டு காதுக்கும் தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

"செவிப்பறைக்குப் பின்னால பசை மாதிரி நீர் கட்டியிருக்கு. வலி போனதும் காது சரியாயிடுச்சுன்னு நினைச்சுடறாங்க. நீர் சில பிள்ளைங்களுக்குத் தானா வத்திடும், சிலருக்கு மாசக்கணக்கா நிக்கும். வலிக்காது. ஆனா தண்ணிக்குள்ள தலையை வெச்சுக் கேக்குற மாதிரிதான் கேக்கும்."

எஸ்பெனின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், காது கேட்கவில்லை என்ற சேதி அவனுக்கு இனித்தது. பையனுக்குத் தன் மேல் கோபமில்லை! இத்தனை நாளும் வீணாகத்தானே வெந்துகொண்டிருந்தோம் என்று மனசு லேசானது.

நீரை எடுத்துவிட்டு, மறுபடி கட்டாமலிருக்கச் செவிப்பறையில் அரிசிமணியைவிடச் சின்னதாக ரெண்டு குழாய் வைத்தார்கள். பையன் மயங்கித் தெளிய, ஒரு கோப்பை காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. அதே சைக்கிள், அதே பெட்டி. எஸ்பென் பழகிப்போன பூக்குரலில் கேட்டான்:

"மிட்டாய் வாங்கிட்டுப் போலாமா?"

மால்டெ வெடுக்கென்று திரும்பினான். அப்பாவின் உதட்டையே உற்றுப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்தன.

எஸ்பென் பதறிப்போய் சைக்கிளை நிறுத்தினான். "என்னடா, காது வலிக்குதா?"

பையன் இல்லையென்று தலையாட்டினான். பிறகு பயந்து பயந்து கேட்டான்:

"அப்பா, என் மேல இருந்த கோவம் போயிடுச்சா?"