திருத்தாத குரல்

“போடுங்க. புது சாஃப்ட்வேர்ல என் குரல் எப்படி இருக்குன்னு கேட்டுட்டுக் கிளம்பறேன்,” என்றாள் மனைவி, தோளில் கைப்பையோடு.

அவன் திரையை மறைத்தாற்போல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

பழைய சாஃப்ட்வேர் புதிய கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால், வீட்டில் பதிவுசெய்த பாட்டுகளை எல்லாம் காலையிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தான். அவசரத்தில் ஒரு கோளாறு. அவன் திருத்திவைத்த குரலுக்குப் பதில், திருத்துவதற்கு முந்தைய அசல் பதிவு திரையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

திருத்தம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு வருடமாக அவள் பாடிய ஒவ்வொரு பாட்டிலும் சுருதி விலகிய இடங்களைத் தேடித்தேடி, மௌஸால் இழுத்துச் சரியாக்கியிருந்தான்.

அவளிடம் மூச்சுவிட்டதில்லை. முதல் பாட்டைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததே, அதோடு அவன் வாய் அடைத்துப்போயிற்று.

அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் ஒரு இசைக்குழு அவளை மேடைக்கு அழைத்திருக்கிறது. அந்த அழைப்பை நம்பித்தான் பதினான்கு வருட ஆஸ்பத்திரி வேலையை விடுவதாக இன்று எழுதிக்கொடுக்கப் போகிறாள்.

இன்னும் ஏறவில்லை என்று இழுத்தான். அவள் அவன் தோளுக்கு மேல் கையை நீட்டித் தானே தட்டிவிட்டாள்.

குரல் வந்தது. இரண்டாம் வரியிலேயே சறுக்கியது. மேலே போக வேண்டிய இடத்தில் பாதியில் நின்று தத்தளித்தது.

“இது நீ இல்ல. வேற ஒரு பொண்ணு, சும்மா பாடிப் பாக்க வந்தா.”

வாய் முந்திக்கொண்டது. சீ, என்ன மனுஷன்!

அவள் கடைசிவரை நின்று கேட்டாள். அவனோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு அவன் காதில் ஏறவே இல்லை.

“பாவம். இன்னிக்கே அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க,” என்றாள். “உங்களை நம்பி வேலை கீலையை விட்டுத் தொலைக்கப் போறா.”

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. அப்பாடா, தப்பித்தோம்.

எதை ஏற்றித் தொலைத்தோம் என்று பார்க்க மறுபடி ஓடவிட்டான். பல்லவி முடிந்து, வாத்தியத்துக்காக விட்டிருந்த இடைவெளி வந்தது. திருத்தும்போது அவன் எப்போதும் வெட்டி எறிந்துவிடும் இடம்.

அங்கே தூரத்தில் அவர்கள் மகள் எதற்கோ அழுதாள்.

“இதோ வந்துட்டேன்டா தங்கம், அம்மா பாடிட்டு இருக்கேன்ல,” என்றது அதே குரல்.