தானாக ஓடிய பதினொன்றாம் எண் வண்டி

"இந்தக் கிழட்டு வண்டி இருக்கே, ஒருநாள் ஓட்டுறதுக்கு ஆளே இல்லாம மலையிறக்கத்துல தானா ஓடி, மூணு வளைவுலயும் தானா திரும்பி, எரியுற வீட்டு வாசல்ல கச்சிதமா பிரேக் போட்டு நின்னுச்சு," என்றார் பழைய தீயணைப்பு வீரர் டெல்மர். "நாங்க கொஞ்சம் அசந்திருந்தா குழாயைக்கூட அதுவே இழுத்துக்கிட்டு உள்ள போயிருக்கும்."

தீயணைப்பு நிலையத்து இளவட்டங்கள் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற கேப்டன் கிளேட்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"பொய். அன்னைக்கு லோவல்தான் ஓட்டினான். வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான். அவ்வளவுதான்."

"இருபது வருஷமா கேப்டனுக்கு இதே பாட்டு. முன் சீட்டுல உக்காந்தவருக்கு என்ன தெரியும்? பின் சீட்டுல பின்பக்கம் பாத்து உக்காந்திருந்த எனக்குத்தான் எல்லாம் தெரியும்."

மறுபடியும் சிரிப்பு.

வெளியே நவம்பர் மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. முற்றத்தில் இரண்டு வண்டிகள். ஒன்று, சிவப்பு வெளுத்துப்போன பழைய பதினொன்று. இன்னொன்று அன்று காலை வந்த புதுப் பதினொன்று; அதன் விலைக்கு அந்த மாவட்டத்தையே வாங்கி, மிச்சக் காசில் பக்கத்து மாவட்டத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். பழைய வண்டியின் தண்ணீரைப் புதியதன் மேல் அடித்து, துடைத்து, எஞ்சினைப் போடாமல் எல்லோரும் கைவைத்து உள்ளே தள்ள வேண்டும். குதிரைகள் வண்டி இழுத்த காலத்து வழக்கம். தள்ளி முடித்ததும் பழையதைக் காயலான் கடை லாரி ஏற்றிக்கொண்டு போய்விடும்.

"மழையில நிக்கிற வண்டிய எதுக்குக் கழுவணும்?" என்றான் ட்ரெண்ட். புது வண்டிக்கு அவன்தான் டிரைவர். "அப்புறம் டெல்மர், என் வண்டில இந்த மாதிரி கதை அளக்க முடியாது. யார் எப்ப பிரேக் மிதிச்சாங்க, யார் ஸ்டீயரிங்கத் திருப்பினாங்க, எல்லாமே பதிவாகும். உள்ள கேமரா வேற."

"அதான் தம்பி, உன் வண்டிக்குக் கதையே இருக்காது."

அப்போது கறுப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். குழாயைத் திருகி மூடியதுபோல் சிரிப்பு நின்றது. லோவலின் மகள் கோரின். அப்பா சாகும்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவள், இப்போது ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ்.

அவள் நேராகக் கிளேட்டனிடம் வந்தாள்.

"அங்கிள், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த வண்டி போறதுக்குள்ள."

"கேளும்மா."

"அப்பா இறங்கும்போது விழுந்தார்னு சொல்றீங்க. சுத்தி நீங்க எல்லாரும் இருந்தீங்க. பின்னாலயே ஆம்புலன்ஸ் வந்துச்சு. விழுந்தவுடனே நெஞ்சுல கைவெச்சு அழுத்தினா எத்தனையோ பேரை எழுப்பிடுறோம், நான் தினமும் பாக்குறேன். அப்பாவை மட்டும் ஏன் எழுப்ப முடியல? அவரை அப்படியே போட்டுட்டு நெருப்பைப் பாக்கப் போயிட்டீங்களா?"

"இல்லம்மா. எங்களால முடிஞ்சதை..." கிளேட்டன் கோப்பையை இடது கைக்கு மாற்றினார். கையிலிருந்த காப்பி எப்போதோ ஆறியிருந்தது.

"அம்மா படுத்த படுக்கையா இருக்கா. விழிப்பு வர்றப்பல்லாம் இதைத்தான் கேக்குறா. கஷ்டப்பட்டாரா, யாரையாவது கூப்பிட்டாரான்னு. அவளுக்கு நான் ஒரு பதில் கொண்டுபோகணும் அங்கிள்."

டெல்மர் குறுக்கே வந்தார். குரல் தணிந்திருந்தது.

"அதத்தான் நான் இத்தன வருஷமா தொண்ட கிழிய சொல்லிட்டிருக்கேன். மலை உச்சியிலயே உங்கப்பன் போயிட்டான் கண்ணு. ஸ்டீயரிங்ல சாஞ்சு தூங்கின மாதிரி. துடிக்கல, யாரையும் கூப்பிடல. கேப்டன் மேப்புக்குள்ள தலையை விட்டுட்டு இருந்தாரு, கவனிக்கல. வண்டி அது பாட்டுக்குப் போய் நின்னுச்சு. எரிஞ்ச வீட்டு மாடில மாட்டிக்கிட்டிருந்த ரெண்டு குழந்தைங்களும் பிழைச்சுது. நாங்க உங்கப்பன் மேல கைவைக்கிறப்ப எல்லாம் முடிஞ்சு போயிருந்துது."

"நீங்க சும்மா இருங்க டெல்மர் அங்கிள். வண்டி எங்கயாவது வளைவுல தானா திரும்புமா?" அவள் கண் கிளேட்டனை விட்டு நகரவில்லை. "உங்களுக்கு அளக்கத் தெரியாது. நீங்க சொன்னா நான் நம்புறேன். அவர் சொல்ற மாதிரியா நடந்துச்சு?"

கிளேட்டன் டெல்மரைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு துளி கேலி இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பின் சீட்டில் இருந்தவன் கழுத்தைத் திருப்பி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் இருபது வருஷமாக ஊர் சிரிக்கச் சிரிக்கப் பழியை வண்டி மேல் போட்டுக்கொண்டிருக்கிறான். அது கிளேட்டனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அன்று வாசலில் பிரேக்கை எட்டி மிதித்தது கிளேட்டனின் கால், மூன்று வளைவுகளிலும் ஸ்டீயரிங்கை எட்டித் திருப்பியது அவருடைய இடது கை. அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "நிறுத்துங்க கேப்டன், மூச்சு முட்டுது," என்று கடைசி வளைவு வரை கெஞ்சிக்கொண்டே வந்தான் லோவல்.

"ஆமாம்மா," என்றார் கிளேட்டன். "வண்டி தானாத்தான் போச்சு."