நாலு வழி மூக்கு

“முதல்ல அந்தத் திருட்டு ஒயரை வெட்டுப்பா. புது பாக்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்!”

மொட்டை மாடியில் கால் வைத்ததுமே குமாஸ்தா கத்தினார். கோர்ட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். ரிட்டயர் ஆன பிறகும் தினம் யார்மேலாவது ஒரு குற்றம் சாட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

டிஷ் மெக்கானிக் எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து, குமாஸ்தா வீட்டுக்குள் இறங்கும் ஒயரோடு டேப் சுற்றிச் சேர்ந்திருந்தது.

“பார்த்தியா? என் டிஷ்ல கொக்கி போட்டு ஓசியில படம் பார்க்கிறான், அந்தத் தையல்காரத் திருடன்!”

“ஏதும் சண்டையா சார்?”

“அவன் தண்ணித் தொட்டி வழிஞ்சு என் சுவர் ஊறிப்போச்சு. ரெண்டு வருஷமா பேச்சே கிடையாது.”

குமாஸ்தாவுக்குச் சாதாரணப் பேச்சே நாலு வீட்டுக்குக் கேட்கும். இது எட்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“சரி சார், ரெண்டாவது பாக்ஸ் எந்த ரூமுக்கு?”

குரல் கொஞ்சம் இறங்கியது. “உள்ரூமுக்கு. வீட்டுக்காரி இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருக்கா. கூடத்து டி.வி.யோட சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டே ஒரு வருஷத்தை ஓட்டிட்டா, பாவம். இனிமே படமும் பார்க்கட்டுமே.”

“அப்ப மூக்கை மாத்தணும் சார். ரெண்டு பாக்ஸுன்னா ரெண்டு வழி மூக்கு வேணும்.”

மூக்கு என்றால், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, அது. வானத்திலிருந்து வருவதை மோப்பம் பிடித்து ஒயருக்கு அனுப்புவது அதன் வேலை.

மெக்கானிக் குனிந்து அதைப் பார்த்தான். திகைத்தான். மூக்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே குளவி ஒன்று கூடு கட்டி, பிள்ளை குட்டியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

கீழே டி.வி. கணீரென்று பேசிக்கொண்டிருந்தது.

பதினைந்து வருஷத் தொழிலில், குளவி படம் காட்டி அவன் பார்த்ததில்லை.

“சார், இந்த டிஷ் எப்பவாவது ரிப்பேர் ஆச்சா?”

“ரிப்பேரா! போன வருஷப் புயல்ல இந்தத் தெருவுல ஒரு டிஷ் தப்பலை. நாங்க அப்ப பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தோம். வந்து டி.வி.யைப் போட்டா, பளிச்சுனு படம்! என் டிஷ் இரும்புய்யா, இரும்பு!”

மெக்கானிக்கின் கண் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. சுவரைத் தாண்டியது. தையல்காரர் வீட்டு டிஷ்ஷில் போய் நின்றது. அங்கே பளபளவென்று ரெண்டு வழி மூக்கு. ஒரு வழி அவர் வீட்டுக்குள் போனது. இன்னொன்று...

“சார், கொஞ்சம் பொறுங்க...”

“திருடனுக்கு என்னய்யா வாய்தா?”

குமாஸ்தா அவன் கையிலிருந்த கட்டரைப் பிடுங்கி, கறுப்பு ஒயரை ஒரே நறுக்கு.

கீழே டி.வி. வாயை மூடிக்கொண்டது.

“என்னங்க... பேச்சு நின்னுபோச்சே!” உள்ரூமிலிருந்து மனைவியின் குரல்.

குமாஸ்தா கையிலிருந்த ஒயர் நுனியைப் பார்த்தார். தன் இரும்பு டிஷ்ஷைப் பார்த்தார். மூக்கிலிருந்து குளவி சாவகாசமாக வெளியே வந்து அவரைப் பார்த்தது.

“இங்கேருந்து போற ஒயர் இல்ல சார்” என்றான் மெக்கானிக் தணிந்த குரலில். “அங்கேருந்து வர்ற ஒயர்.”

குமாஸ்தா கட்டரை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொண்டை கனைத்தது.

“அண்ணே, திருடன்தான் பேசறேன். நேத்து நீங்க போன்ல ரெண்டாவது பாக்ஸ் கேட்டது காதுல விழுந்துச்சு. நாலு வழி மூக்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். அண்ணி ரூமுக்கும் சேர்த்து இழுத்துக்கச் சொல்லுங்க.”