ஜூலை மூன்றின் முன்பதிவு

மார்ச் 7. காலை முதல் தூறல், காற்றே இல்லை.

ஐம்பது வயதில் நிரல் எழுதக் கற்ற நான், இந்தப் பல் மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தைப் பேணி வருகிறேன். சர்வர் ஆண்டை விட்டுவிட்டு, நாள், மாதம் என்ற வரிசையில் ‘3/7’ என அனுப்பியது; பிரவுசரோ அதனை மாதம், நாள் எனப் படித்தது. ஆகவே சென்ற ஜூலை மூன்றுக்குப் பதிந்திருந்த என் கணவரின் பெயர் இன்றைய பட்டியலில் நின்றது. அவர் அதற்கு முந்தைய மாதம், ஜூனிலேயே காலமானார்.

"இன்னிக்கே சரி பண்ணிடுங்கக்கா, ஆளுங்க தப்பான நாள்ல வந்து நிக்கறாங்க," என்றார் மருத்துவர்.

சரிசெய்தால் அப்பெயர் போய்விடும். வரவேற்பு மேசையிலிருந்த மகளிடம் சொன்னேன்.

"உயிரோட இருக்கறப்பவே பல்லு டாக்டர்னா ஓடுவாரு. இப்ப மட்டும் வந்துடுவாராக்கும்! மாத்தும்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆண்டையும் சேர்த்து அனுப்பும்படி திருத்தினேன். எல்லாப் பெயர்களும் தத்தம் நாளுக்குச் சென்றன. அவருடையது மட்டும் நகரவில்லை. சற்றுப் பொறுத்து அதனருகே ‘வந்துவிட்டார்’ எனத் தோன்றியது.

"நீயா போட்டே?"

"நான் தொடவே இல்லம்மா."

காத்திருப்பு அறையில் எவருமில்லை. மின்விசிறிக் காற்று அவருக்கு ஆகாது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றிருந்தது.

மகள் மருத்துவரின் அறைக் கதவைத் திறந்து பிடித்தாள். "வாங்கப்பா, வலிக்காது," என்றாள்.

பட்டியலிலிருந்து பெயர் மறைந்தது. அப்போது மணி மாலை 4.22.