மூன்றாவது மாதிரி

"கழிவுல செய்யிற சாமான்ல ஒண்ணே ஒண்ணுலதான் கம்பனி பணம் போடும். கழிவு நம்ம தோட்டத்துலயே கிடைக்கணும், செஞ்ச சாமான் தெனமும் பயன்படணும்," என்றார் பதுளை அலுவலக மேலாளர் வீரசிங்கம்.

தெமோதரையிலிருந்து கொட்டும் மழையில் வந்திருந்த தினேஸ், தோட்டத்துத் தொழிலாளர்கள் செய்த மாதிரிகளைத் தோள்பையிலிருந்து எடுத்து வைத்தான். தேயிலைக் கழிவில் ஓர் அட்டைப்பெட்டி, பழைய தாளில் ஓர் எழுதும் கொப்பி.

"மூணுன்னு சொன்னீங்களே?"

தினேஸ் நெளிந்தான். "மூணாவது எங்க அம்மா செஞ்சது சேர். கிழிஞ்ச உரச்சாக்குல தச்ச பை. வேணாம் சேர், அம்மாவைத் தூக்கிவிட்டேன்னு நாலு பேரு பேசுவாங்க."

"அதை நான் பாத்துக்குறேன். பை எங்க?"

தோள்பைக்குள் துழாவியும் அது கிடைக்காமல், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான் தினேஸ்.

"ஏம்மா, எல்லாத்தையும் கட்டிக் குடுத்துட்டு ஒன் பைய வைக்க மறந்துட்டியே?"

"மறக்கலையே ராசா. மத்தவங்க சாமானெல்லாம் நனையாம எதுல வந்துச்சு?"

கடையில் வாங்கியது என்று நினைத்து அவன் மாட்டி வந்த பையில் இன்னும் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீரசிங்கமே அதை அவன் தோளிலிருந்து கழற்றி, மற்ற இரண்டுக்கும் முன்னால் வைத்தார்.