பதினேழு வீடுகள்

"நான் எழும்பி நின்னு சொல்லுவேன் பிள்ளே. மாதாவாணை சொல்லுவேன்" என்று பின்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள் மேரிக்குட்டி. மீன்கூடை தூக்கிக் காய்த்துப்போன கை அது. பிடித்தால் லேசில் விடாது.

சமுதாயக் கூடத்து வாசலில் மெம்பர் அபிலாஷ் போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். தலை எண்ணிக்கை சேராவிட்டால் கிராமசபை செல்லாது. பூவாறு பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ இல்லாட்டி எனக்க மகன் சிஜோ இண்ணைக்கு இல்ல. இப்ப ஒழுங்கா மருந்து தின்னுட்டு கடலுக்குப் போவுகான். தங்கச்சி கல்யாணத்துக்கு அவனாக்கும் ஓடிநடக்குகான்."

"அபினாவுக்கு உறப்பிச்சாச்சா சேச்சி?"

"நம்ம நார்பர்ட்டுக்க மகனாக்கும் மாப்பிள்ளை. கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு, வாற ஞாயிறு மூணாவது."

கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். பின்சி அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பின்சிக்குப் பஞ்சாயத்தில் ஒரு வருட வேலை. வீட்டில் ஒருவருக்கு மனம் நிலைகொள்ளாமல் போய், என்ன செய்வார்களோ என்று மற்றவர்கள் பதறும்போது அவளுக்குத்தான் போன் வரும். பேசுவாள், பக்கத்தில் இருப்பாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள்.

சிஜோ சாகப்போகிறேன் என்று கடலில் இறங்கிய அன்று ஊரே ஞாயிறு பூசையில் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் அவனோடு நின்று, பூசை முடிவதற்குள் பேசிப் பேசியே அவனைக் கரையேற்றினாள். மேரிக்குட்டிக்கும் அபினாவுக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது.

"அடுத்த வருஷமும் இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கணுமா, வேண்டாமா?" என்று அபிலாஷ் கூட்டத்தைக் கேட்டார்.

நார்பர்ட் எழுந்தார். "வேண்டாம் மெம்பரே. அந்தப் பைசாவுக்குக் கரையில ஒரு ஹைமாஸ்ட் லைட்டு வையுங்க. எங்க கரையில பைத்தியம் பிடிச்சவன் எவனும் கெடையாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அபிலாஷ் பின்சியின் பதிவேட்டைப் புரட்டினார்.

"பதினேழு வீடுன்னு எழுதியிருக்கு. ஒண்ணுக்கும் பேரில்ல. இது என்ன பிள்ளே?"

"பேரு வெளிய வராதுன்னு வாக்கு குடுத்துதான் உள்ள கேறினேன் மெம்பரே. இல்லாட்டி கதவு திறக்கமாட்டாவ."

"எனக்கு மனசிலாவுது. ஆனா ஆடிட்டுல கேப்பாவளே? பதினேழுல ஒரு வீடு, ஒரே ஒரு வீடு, இஞ்ச எழும்பி உதவி கிட்டிச்சுன்னு சொன்னா போரும். இல்லெங்கி மார்ச்சோட நிறுத்தவேண்டியதுதான்."

"சொல்லட்டு. அப்பிடி ஒரு வீடு உண்டெங்கி நானே முதல்ல கை தூக்குகேன்" என்றார் நார்பர்ட்.

பின்சி சுற்றிப் பார்த்தாள். பதினேழில் ஆறு வீட்டுக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். ஒருவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், ஒருவர் போனை நோண்டினார். போன வாரம் அவள் தோளில் சாய்ந்து கதறியவள், மடியில் இருந்த குழந்தைக்குத் தலை கோதிக்கொண்டிருந்தாள்.

அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்று காலைகூட ஒரு வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் அங்கே போகவேண்டும். மார்ச்சுக்குப் பிறகு அந்தப் போனை யார் எடுப்பார்கள்?

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேரிக்குட்டி எழுந்து நின்றாள்.

பின்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒருத்தியாவது இருக்கிறாளே!

மேரிக்குட்டிக்குப் பக்கத்தில் அபினா. அவளுக்கு அந்தப் பக்கம் நார்பர்ட்டின் மனைவி, வரப்போகிற மருமகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அபினா மறு கையால் அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தாள்.

மேரிக்குட்டி மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். உட்காரவில்லை.

"மெம்பரே, நான் ஒரு காரியம் சொல்லணும்."

நார்பர்ட் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி, மடியில் இருந்த கையை விட்டுவிட்டு மேரிக்குட்டியின் முகத்தையே பார்த்தாள்.

அபினா அம்மாவைப் பார்க்கவில்லை. பின்சியைத்தான் பார்த்தாள். அண்ணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய்க் கரையில் நின்றாளே, அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. பின்சியால் அதைத் தாங்க முடியவில்லை.

"எனக்க..." என்று மேரிக்குட்டி வாயெடுத்தாள்.

"இருங்க சேச்சி." பின்சி அதற்குள் எழுந்துவிட்டாள். அபிலாஷின் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பதினேழும் நானா எழுதின பொய்யாக்கும், மெம்பரே."