இரண்டாவது சக்களத்தி

"இன்னும் கிட்ட. தோளோட ஒட்டி இருக்கணும். அவ்வளவுதான். இப்ப மெதுவா மூச்சை விடு."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டது தன் கணவன் கெரிட்டின் குரல்தான் என்பதில் வில்மாவுக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணமான புதிதில் இதே குழைவோடுதான் அவளிடமும் பேசிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு பெத் சொன்னபோது அவள் நம்பவில்லை. "சனிக்கிழமையானா, நீ பேக்கரிக்கு வேலைக்குக் கிளம்பின கையோட ஒரு சிவப்பு பிக்கப் வண்டி வருது வில்மா. ஓட்டுறது ஒரு பொம்பளை. உன் ஆளு தன் வண்டியை வாசல்லயே விட்டுட்டு அதுல ஏறிப் போறான். சவாரி நல்லாத்தான் போகுது" என்று சிரித்தாள்.

அதனால் இன்று வில்மா பேக்கரிக்குப் போகவில்லை. தெருக்கோடியில் காரை நிறுத்திக் காத்திருந்து, சிவப்பு வண்டியின் பின்னாலேயே ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடும் மைதானம்வரை வந்துவிட்டாள். மிச்சிகனில் மான் வேட்டை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது.

வெடிச்சத்தத்தில் தடுப்பு அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகவே தெரியும். சுண்டுவிரல் பருமனுக்குத் தோட்டா. ஒன்று வெடித்ததும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும் ரகம். புதருக்குள் நிற்கும் முரட்டு ஆண்மானையும் நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். கெரிட் அந்தத் துப்பாக்கியை வாங்கி வந்த நாள்முதல் சாப்பாட்டு மேஜையில் பாதி அதற்குத்தான். துடைக்கக்கூட வில்மாவைத் தொட விட்டதில்லை. "அது என் சக்களத்தி" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். அந்தச் சக்களத்தி இப்போது இன்னொருத்தியின் தோளில் சாய்ந்திருந்தது. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். தொப்பிக்கு அடங்காத செம்பட்டை முடி.

"பயங்கரமா உதைக்கும்னு நினைச்சேன். இவ்வளவு பெரிய தோட்டாவுக்கு இது ஒண்ணுமே இல்ல" என்றாள் அவள்.

"அடுத்த தோட்டாவை ஏத்துறதுலயே உதையில கொஞ்சம் செலவாயிடும், கோரா. ஆனா கனம். நாள் முழுக்கக் காட்டுல தூக்கிட்டு அலைஞ்சா ராத்திரி தோள் பேசும். அப்புறம், நூத்தம்பது கஜத்துக்குள்ள வர்ற மானா பாத்துக்க. தூரம் போகப் போகத் தோட்டா ரொம்பத் தாழ்ந்துடும்."

வில்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு குறையை அவன் வாய் இதுவரை சொன்னதில்லை. கனமாக இருக்கிறதே என்று கேட்ட பாவத்துக்கு அவள் தம்பியோடு ஒரு வேட்டைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவன். இவளிடம் மட்டும் மனசைத் திறந்து கொட்டுகிறான்.

கோரா வரிசையாகச் சுட்டாள். சூடான வெற்றுத் தோட்டாக் குப்பிகள் சிமெண்டுத் தரையில் துள்ளி விழுந்தன.

"எங்க பட்டிருக்கு? நீயே பாத்துச் சொல்லு" என்றான் கெரிட்.

"எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள்ள."

"கெட்டிக்காரி."

தன்னை அவன் கடைசியாக எப்போது கெட்டிக்காரி என்றான் என்று யோசித்துப் பார்த்தாள் வில்மா. நினைவுக்கு வரவில்லை. இனிமேல் ஒளிய என்ன இருக்கிறது என்று தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்து நின்றாள்.

காதுக்காப்பைக் கழற்றியபடி கெரிட் திரும்பினான். நல்ல வெயில். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஏதோ கம்பத்தைப் பார்த்தவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வா, பெட்டியில வச்சிடலாம்" என்றான் கோராவிடம்.

சரளைக்கல் பாதையில் கோரா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை உதறவில்லை. துப்பாக்கிப் பெட்டி சிவப்பு வண்டியின் பின்சீட்டில் ஏறியது.

"கெரிட்."

அவன் திடுக்கிட்டான். "வில்மா? நீயா? இங்க எப்படி..."

"நான் தொட்டாலே ஆகாத துப்பாக்கி இவ வண்டியில ஏறிடுச்சு. அடுத்து நீ ஏற வேண்டியதுதான் பாக்கி, இல்ல?"

கோரா பதறிப்போய்க் கையை எடுத்தாள். "நீங்க தப்பா நினைக்கறீங்க. நான் துப்பாக்கியை விலைக்கு வாங்க வந்தவ. வாராவாரம் சுட்டுப் பாத்து இன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன். கெரிட், வீட்ல சொல்லியாச்சுன்னுல்ல சொன்னீங்க?"

வில்மா கெரிட் பக்கம் திரும்பினாள். "வித்துட்டியா? வேட்டை தொடங்கற நேரத்துலயா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

"துப்பாக்கி எக்கேடும் கெட்டுப் போகட்டும்." அவள் கண் நிறைந்துவிட்டது. "இப்ப, பட்டப்பகல்ல, நேருக்கு நேரா என் மூஞ்சியைப் பாத்துட்டு, யாரோ எவளோன்னு திரும்பிக்கிட்டியே. அதுக்கு என்ன சொல்றே?"

கெரிட் நிமிர்ந்தான். அவன் பார்வை அவள் முகத்தைத் தேடி வந்து, தோளுக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றது.

"நீ எங்க நின்னிருந்தே, வில்மா?"